காதில் விழாத அலை

மேலே நாற்காலி இழுபடுகிறது. வந்துவிட்டாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை ஷிப்ட், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பாள், எனக்கு அவளுடைய நேரமெல்லாம் அத்துப்படி ஆகிவிட்டது, இதை நினைத்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது, ஆனால் காஜாமலையில் இந்த ஃபிளாட்டுக்குக் கூரை என்று போட்டிருப்பது அப்பளம், மேலே ஊசி விழுந்தால் கீழே தெரியும், நான் வேண்டுமென்று கேட்கவில்லை. பெயர் சுகிர்தா. முப்பத்தைந்து இருக்கும். ஜூன் மாதம் ஒரு பீரோவும் ஒரு கட்டிலுமாக வந்து இறங்கினாள், கூட யாரும் இல்லை, பிறகும் யாரும் வரவில்லை. ஜூனில்தான் மிளகு அழ ஆரம்பித்தது. மிளகு எங்கள் நாய், மூக்கு முதல் வால்வரை கறுப்பு, என் மனைவி பிலோமினா அதைச் சர்ச் வாசலிலிருந்து முந்தானையில் சுற்றி எடுத்து வந்தபோது நிஜமாகவே ஒரு மிளகு அளவுதான் இருந்தது, இப்போது கிழடு. பிலோமினா மூன்று மணிக்குப் பங்குக் கோயில் ஹாலில் தையல் வகுப்பு எடுக்கப் போவாள், அதுவும் இந்த ஜூனிலிருந்துதான். நான் என் வேலை மேஜை இருக்கிற இந்த அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொள்வேன், வயர்களையெல்லாம் மிளகு ஒருமுறை கடித்து வைத்ததிலிருந்து கதவைச் சாத்துவதுதான் வழக்கம். கொஞ்ச நேரத்தில் ஹாலில் ஆரம்பிக்கும். குரைப்பு இல்லை. தூரத்தில் ஆம்புலன்ஸ் வருகிற மாதிரி ஒரு நீளமான ஊளை. வெளியே வந்து பார்த்தால் ஹாலுக்கு நடுவில் நின்றுகொண்டு மூஞ்சியை மேலே தூக்கியிருக்கும். மேலே. என்னைப் பார்த்ததும் நிறுத்திவிடும். அதெப்படி நான் வந்ததும் நிற்கிறது? ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, ஒவ்வொரு தடவையும். நான் கதவைத் திறக்கிற சத்தம், என் காலடிச் சத்தம், மேலே கேட்கிறது. உடனே அணைத்துவிடுகிறாள். வேறு என்னவாக இருக்க முடியும்?

எதை அணைக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். ஆகஸ்டில் வாட்ச்மேன் மேஜைமேல் அவள் பெயருக்கு ஒரு பார்சல் வந்து கிடந்தது, மழையில் நனைந்து மேலுறை கிழிந்து உள்ளே அட்டைப்பெட்டி தெரிந்தது. பெட்டியில் ஒரு நாயின் படம். நாய்க்கு எதிரே கறுப்பாக ஒரு சாதனம், அதிலிருந்து வளைவு வளைவாகக் கோடுகள் கிளம்பி நாயின் மூஞ்சியில் மோதுகின்றன. படத்தில் அந்த நாய் திரும்பி ஓடிக்கொண்டிருந்தது. மனிதக் காதுக்குக் கேட்காத உச்சத்தில் ஒரு சத்தம், நாயால் தாங்க முடியாது. அதற்கும் கொஞ்ச நாள் முன்னால்தான் மாடிப்படியில் என்னைப் பார்த்து, "சார், நாயைக் கொஞ்சம் பிடிச்சுக்கிட்டே கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிக்காமல் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். பதின்மூன்று வருஷமாக இந்த மாடிப்படியில் யார் மேலும் ஒரு பல் பட்டதில்லை, பிடித்துக்கொள்ளச் சொல்ல இவள் யார்? ஃபிளாட் சங்கத்துச் செயலாளர் கோதண்டத்திடம் சொன்னேன். அவர் ஏன் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. "நானும் நெனச்சேன் சார்" என்றார். என்ன நினைத்தார் என்று நானும் கேட்கவில்லை. இன்றைக்கு ஆறு மணிக்குக் கீழே கார் நிறுத்துகிற இடத்தில் கூட்டம். அவளுடைய வீட்டுக்காரம்மா மங்கையர்க்கரசி தஞ்சாவூரிலிருந்து வருகிறார்கள். காலி செய்யச் சொல்லிவிடுவார்களாம். "ப்ரூஃப் மட்டும் காட்டுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார் கோதண்டம். காட்டுகிறேன். அவள் மேலே செய்வதை நான் என் கையால் செய்து காட்டுகிறேன். எல்லார் முன்னாலும் பொத்தானை அழுத்துவேன், யாருக்கும் ஒன்றும் கேட்காது, மிளகு மட்டும் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு ஊளையிடும். அதற்குப் பிறகு அவள் என்ன சொல்ல முடியும்?

ஆனால் இந்த போர்டு. உள்ளங்கை அகலம்தான் இருக்கிறது, நீலமாக, ஓரமெல்லாம் ஓட்டை. கல்லூரிப் பையன்கள் விளக்கு மினுக்குவதற்கு வாங்குகிற மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. அந்த ஓட்டைகளுக்குக் கால் என்று பெயர், ஒரு காலில் மின்சாரத்தை ஏற்று, இறக்கு, ஏற்று, இறக்கு என்று சொன்னால் சதுர அலை. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் ஒன்றும் கிடையாது. மெதுவாகச் சொல்லும்வரை ஒழுங்காகத்தான் செய்தது. வேகத்தைக் கூட்டக் கூட்ட ஏமாற்ற ஆரம்பித்தது. நான் கேட்டது விநாடிக்கு இருபதாயிரம், இது கொடுப்பது அதற்கும் கீழே ஏதோ ஒன்று. இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் முப்பது வருஷம் மீட்டர்களைச் சரிபார்த்தவன் நான், முள் காட்டுகிறது என்பதற்காக எதையும் ஒப்புக்கொண்டதில்லை, இன்னொரு மீட்டரை வைத்துப் பார், அதையும் மூன்றாவதை வைத்துப் பார், அந்தப் புத்தி விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டால் போய்விடுமா. விருப்ப ஓய்வாம். யாருடைய விருப்பம்? அது இப்போது வேண்டாம். தொழிற்சாலை ஏலத்தில் எடுத்த பழைய ஆஸிலோஸ்கோப், அலையைத் திரையில் வரைந்து காட்டும், அதைப் போட்டுப் பார்த்தேன். பச்சைக் கோடு நடுங்குகிறது. ஏன் நடுங்குகிறது? இரண்டு நாள் தூங்கவில்லை. கடைசியில் பிடித்துவிட்டேன். ஏற்று என்று நான் ஒரு வரி எழுதினால் அது உடனே ஏற்றுவதில்லை. எந்தக் கால், அந்தக் காலில் வேறு வேலை நடக்கிறதா, சொல்வது சரிதானா என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் ஏற்றுகிறது. மெதுவான அலைக்கு அந்த விசாரணை நேரம் ஒரு பொருட்டே இல்லை. வேகமான அலைக்கு விசாரணையே பாதி நேரத்தைத் தின்றுவிடுகிறது. போதாததற்கு நடுநடுவே எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுத் தன் கடிகாரத்தைப் பார்க்கப் போய்விடுகிறது, அதுதான் நடுக்கம்.

அதனால் அதனிடம் சொல்வதை விட்டுவிட்டேன். சில்லுக்குள்ளேயே ஒரு டைமர் இருக்கிறது. யாரையும் கேட்காமல், விநாடிக்கு ஒரு கோடியே அறுபது லட்சம் என்று தன் போக்கில் எண்ணிக்கொண்டே இருக்கிறது. நானூறு வந்ததும் காலைத் திருப்பு, மறுபடி நானூறு, மறுபடி திருப்பு. அவ்வளவுதான் சொன்னேன். விசாரணை இல்லை. திரையில் கோடு நின்றுவிட்டது, கம்பி கட்டிய மாதிரி, விநாடிக்கு இருபதாயிரம், சுத்தமாக. அந்தப் பச்சைச் சதுரங்களைப் பார்த்தபோது ஓய்வு பெற்ற பிறகு முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது. நானூறுக்குப் பதில் ஒன்று என்று சொன்னால் எண்பது லட்சம்கூட வரும், எந்த நாயும் எந்த வௌவாலும் தொட முடியாத இடம். எனக்கு அவ்வளவு வேண்டாம். எனக்கு மிளகு அழுதால் போதும். காலில் பீசோ ஸ்பீக்கரைக் கோர்த்தாயிற்று. இன்றைக்கு மிளகை உள்ளே கூட்டிவந்து என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே படுக்கவைத்து, கதவைச் சாத்தியாயிற்று. பிலோமினா போகிறபோது என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணலைன்னுதான் எனக்குப் படுது" என்றாள். இவளுக்கு எப்படித் தெரியும்? மாடியில் போய்ப் பேசுகிறாளோ? போன வாரம் கொழுக்கட்டை பன்னிரண்டு செய்தாள், சாயங்காலம் இரண்டுதான் மிச்சம், நான் தின்றது நான்கு, இவள் இரண்டு, மீதி மேலே போயிற்றோ?

சரி. அழுத்துகிறேன். பச்சைக் கோடு துள்ளி எழுந்து நிற்கிறது. இருபதாயிரம். மிளகு தூங்குகிறது. விலா ஏறி இறங்குகிறது, வாய் ஓரத்தில் கொஞ்சம் எச்சில். காது? காது அசையவில்லை. இருபத்திரண்டாயிரம். மிளகு தூங்குகிறது. ஸ்பீக்கரை அதன் தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறேன். ஒன்றுமில்லை. ஸ்பீக்கர்தான் சரியில்லை. கடைக்காரன் கொடுக்கும்போதே பெட்டியில்லாமல் கொடுத்தான், இருபத்தைந்தாயிரம் வரை பாடும் சார் என்றான், பாடுகிறதா இல்லையா என்று என்னால் கேட்க முடியாது என்பது அவனுக்குத் தெரியும். யாருக்கும் கேட்காத சத்தத்தை விற்கிறவனை எப்படிப் பிடிப்பது? சரி, இறக்கிப் பார். பதினைந்தாயிரம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பன்னிரண்டாயிரம். அப்போதும் இல்லை. அது கேட்க வேண்டுமே, மனிதக் காதுக்குக் கேட்க வேண்டிய இடம்தானே. சின்ன வயதில் காவிரிக்கரை அரசமரத்துக்குக் கீழே நின்றால் சாயங்காலம் வௌவால்கள் கிளம்பும்போது கண்ணாடியில் ஆணியால் கீறுகிற மாதிரி கீச்கீச்சென்று கேட்கும், பல் கூசும், நான் காதைப் பொத்திக்கொள்வேன், அப்பா என்னைப் பார்த்து, "என்னடா, ஒரு சத்தமும் இல்ல, ஏண்டா பொத்திக்கிற?" என்பார். அப்பா பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த மரம் இப்போதும் இருக்கிறது, போன மாதம் அந்த வழியாகத்தான் போனேன், வௌவால்கள் சத்தமே இல்லாமல் பறந்தன, இந்தக் காலத்து வௌவால் கத்துவதில்லை என்று நினைத்துக்கொண்டே வந்துவிட்டேன். சீ. வௌவால் கத்தாமலா இருக்கும். என் காது. காதின் மேல்மாடியில் விளக்கு ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வருகிறது, கீழ்வீட்டுக்காரனுக்குத் தெரியவில்லை. அப்படியானால் இவ்வளவு நாளும் கோதண்டம் மெதுவாகப் பேசினாரே, பிலோமினா வாய்க்குள் முணுமுணுத்தாளே, அதெல்லாம். வேண்டாம். இப்போது நாய்.

எட்டாயிரம். வந்துவிட்டது, மெல்லிசாக, கொசு மாதிரி. ஆகவே ஸ்பீக்கர் பாடுகிறது. போர்டு சரி, டைமர் சரி, கடைக்காரன் சரி. மிளகு தூங்குகிறது. நாலாயிரத்துக்கு இறக்குகிறேன். தாங்க முடியவில்லை, அறை முழுக்கத் தகரத்தைக் கிழிக்கிற மாதிரி, ஜன்னல் சன்ஷேடில் உட்கார்ந்திருந்த காக்கா அடித்துப்பிடித்துக்கொண்டு பறந்தது, மேலே நாற்காலி சட்டென்று இழுபட்டது, அவளுக்குக்கூடக் கேட்டுவிட்டது, மாடியில் இருக்கிறவளுக்குக் கேட்டுவிட்டது. ஸ்பீக்கர் மிளகின் காதுக்கு ஒரு சாண் தள்ளி இருக்கிறது. மிளகு தூங்குகிறது. விலா ஏறி இறங்குகிறது. நடிக்கிறதோ என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு நாயை. என்னை ஏமாற்றப் படுத்துக்கிடக்கிறது என்று. "மிளகு" என்றேன். "ஏய் மிளகு!" கைதட்டினேன். பிறகு குனிந்து அதன் முதுகைத் தொட்டேன். அது துடித்து எழுந்து திரும்பி என் கையைக் கவ்வப் பாய்ந்தது, பல் தோலில் பட்டுவிட்டது, அப்புறம்தான் நான் என்று தெரிந்தது, உடனே காதைப் பின்னால் மடித்துக்கொண்டு வயிற்றைத் தரையோடு ஒட்டி, வாலை ஆட்டி ஆட்டி, கவ்வப் பார்த்த இடத்தை நக்கியது. நாலாயிரம் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. நான் அதை அணைக்கக்கூட இல்லை. மிளகு அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாகக் கொட்டாவி விட்டது.

அணைத்தேன். அதற்குக் காது கேட்கவில்லை. எப்போதிலிருந்து? போன தீபாவளிக்குக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளியவில்லை, வயதானதும் தைரியம் வந்துவிட்டது பார் என்று நான் தட்டிக்கொடுத்தேன். குக்கர் விசில் அடித்தால் சமையலறைக்கு ஓடும், இப்போது ஓடுவதில்லை, நாக்கு செத்துவிட்டது என்றாள் பிலோமினா. கூப்பிட்டால் வருவதில்லை, கொழுப்பு என்றேன். ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. எல்லா மீட்டரையும் இன்னொரு மீட்டரை வைத்துப் பார்த்தவன் இதை மட்டும் பார்க்கவில்லை. பொறு. அப்படியானால் அழுகை? காது கேட்காத நாயை எந்தச் சத்தம் அழவைக்க முடியும்? அந்தக் கறுப்புச் சாதனம் ஒலி இல்லாமல் வேறு ஏதாவது அனுப்புகிறதா, ஒளியா, வாசனையா? இந்தப் புத்தி இன்னும் அவளை விடமாட்டேன் என்கிறது, பார். மிளகு எழுந்து கதவைப் பிறாண்டியது. திறந்துவிட்டேன். ஹாலில் போய்த் தன் சாக்கில் சுருண்டு படுத்துக்கொண்டது. நான் யோசிக்க வேண்டும் என்று திரும்பி வந்தேன், கை தன் பழக்கத்தில் கதவைச் சாத்தியது. போர்டு அணைந்து கிடந்தது. திரையில் ஒரே ஒரு நேர்க்கோடு. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ தெரியவில்லை. ஹாலில் ஊளை கிளம்பியது.

ஓடிப்போய்த் திறந்தேன். நடு ஹாலில் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு நின்றது. என்னைப் பார்த்ததும் நிறுத்தியது. வந்து முழங்காலில் தலையை முட்டியது. நான் மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்தி, சாவித் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். மிளகு சமையலறை வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தது. படுக்கையறைக்குப் போனது. பால்கனிக்குப் போனது. வாசற்கதவின் அடியில் மூக்கை வைத்து இழுத்து மோந்தது. பிறகு நடு ஹாலுக்கு வந்து நின்று மூஞ்சியைத் தூக்கியது. நாய் ஊளையிட்டால் மூஞ்சி மேலேதானே போகும், எந்த நாய்க்கும், எந்த ஊரிலும். முன்பெல்லாம் நான் உள்ளே இருமுவது கேட்கும், ஸ்க்ரூடிரைவர் கீழே விழுவது கேட்கும், கதவு சாத்தியிருந்தாலும் ஆள் இருக்கிறது என்று அதற்குத் தெரியும். இப்போது கதவு சாத்தினால் ஆள் இல்லை. தூங்கி எழுந்தால் உலகத்தில் ஒருத்தரும் இல்லை. அதைத்தான் அது ஜூனிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது, நான் அந்த அழுகைக்குக் காரணம் கண்டுபிடிக்கிறேன் என்று தினமும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்தேன். தரையில் உட்கார்ந்தேன். மிளகு மடியில் தலையை வைத்துக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டது. அதை எழுப்பப் பயந்துகொண்டு கால் மரத்துப்போகும்வரை அப்படியே இருந்தேன்.

கூட்டம். அதை நிறுத்த வேண்டும். உட்கார்ந்தபடியே கோதண்டத்துக்குப் போன் போட்டேன். காதில் போனை அழுத்தி வைத்துக்கொண்டேன், இனிமேல் அழுத்தித்தான் வைத்துக்கொள்ள வேண்டும் போல. "கோதண்டம் சார், நாய் விஷயத்துல நான் சொன்னது தப்பு. அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல. எங்க நாய்க்குக் காதே கேக்கல." அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "ஞானப்பிரகாசம் சார், நாய் கிடக்குது விடுங்க. அது ஒரு சாக்குதானே."

"சாக்கா?"

"பின்ன என்ன சார்? தனியா ஒரு பொம்பள, யாரு என்னன்னு ஒரு விவரமும் இல்ல, காலைல இருட்டோட கிளம்பிப் போகுது. குடும்பங்க இருக்கற எடம். எல்லாருக்குமே மனசுல இருந்துச்சு, எடுத்துப் பேசத்தான் ஆள் இல்ல. நீங்க ஆரம்பிச்சு வச்சீங்க. இப்ப நீங்க ஒண்ணும் பேச வேணாம், பேசாம வந்து உக்காந்திருங்க, அது போதும்."

நீங்க ஆரம்பிச்சு வச்சீங்க. போனை வைத்த பிறகும் அந்த வரி ஓடிக்கொண்டிருக்கிறது, டைமர் மாதிரி, நான் சொல்ல வேண்டியதே இல்லை, தன்னால் திரும்புகிறது. நானும் நெனச்சேன் சார் என்று அன்றைக்கு அவர் சொன்னாரே, அவர் நினைத்தது நாயை இல்லை. அவர் நினைத்தது எது என்று எனக்கு அன்றைக்கே தெரியாதா? தெரியாது என்று சொல்லலாம், யாரும் அளந்து பார்க்க முடியாது. ஆனால் கணவன் பெயர் கிடையாது, யாரும் வருவதில்லை, இதையெல்லாம் நானும்தானே கணக்கில் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு நாயின் படம் போட்ட பெட்டி குடும்பத்தோடு இருக்கிற ஒருவன் பெயருக்கு வந்திருந்தால் நான் போர்டு வாங்கியிருப்பேனா? எதிர்வீட்டுக்கு வந்திருந்தால்? பிலோமினா சாவி போட்டுத் திறந்து உள்ளே வந்தாள், தரையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துப் பயந்துவிட்டாள். "என்னங்க, நெஞ்சு வலியா?" இல்லை என்றேன். சொன்னேன். அவள் பையை வைத்துவிட்டு மிளகின் பின்பக்கமாகப் போய் நின்று, தலைக்கு மேலே இரண்டு கையையும் ஓங்கித் தட்டினாள். மறுபடி தட்டினாள். பிறகு அப்படியே உட்கார்ந்து அதன் காதை விரலால் நீவிக்கொடுத்தாள். "திமிரு புடிச்சுப் போச்சுன்னு எத்தனை தடவ திட்டியிருப்பேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "சரி, அந்தப் பொண்ணுக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?" "பேசாம உக்காந்திருக்கச் சொல்றாரு" என்றேன். "உக்காந்துதான் பாருங்களேன், அப்புறம் தெரியும்" என்றாள் பிலோமினா, சட்டையை எடுத்து என்மேல் போட்டாள்.

கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். தூணோரம் சுகிர்தா உட்கார்ந்திருந்தாள், மடியில் கைப்பை, அதன் பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், அவளுக்கு இரண்டு பக்கத்து நாற்காலியும் காலி. மங்கையர்க்கரசி அம்மா விசிறிக்கொண்டிருந்தார்கள். கோதண்டம் என் கையைப் பார்த்தார், போர்டு இல்லை, மிளகின் கயிறு மட்டும்தான் இருந்தது, அவருக்குத் திருப்தி. நான் சுகிர்தாவுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அவள் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள். நாயைப் பார்த்து நகர்ந்தாளோ என்று நினைத்தேன், ஆனால் அவள் கை கீழே இறங்கி, மிளகுக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டி, அது மோந்து பார்க்கும்வரை காத்திருந்து, பிறகு தலையைத் தடவியது. நாயைப் பார்த்து நகரவில்லை. கோதண்டம் தொண்டையைச் செருமி, குடியிருப்பின் ஒழுங்கு, பலருடைய புகார் என்று ஏதோ ஆரம்பித்தார், அவர் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், இன்னும் ஐந்து நிமிஷம் பேசாமல் இருந்தால் எல்லாம் தானாக நடந்து முடிந்துவிடும், என் காது சரியில்லை என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம், எழுந்துவிட்டேன். "பலருடைய புகார் இல்ல. என் புகார்" என்றேன். குரல் ரொம்பச் சத்தமாக வந்துவிட்டது, எல்லாரும் திரும்பினார்கள். "என் நாய்க்குக் காது கேக்காது. இந்தப் பொண்ணு எதைப் போட்டாலும் அதுக்குத் தெரியாது. நான் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தேன், ஆளக் காணோம்னு அது அழுதிருக்கு. இவங்க பேர்ல பழி சொன்னது நான்."

மங்கையர்க்கரசி அம்மா விசிறியை நிறுத்தினார்கள். "ஏம்மா, நாய் வெரட்டற மெஷின் வச்சிருக்கியாமே, நெசமா?" சுகிர்தா கைப்பையைத் திறந்து டார்ச் மாதிரி கறுப்பாக ஒன்றை எடுத்தாள். இருந்தது. நான் சந்தேகப்பட்டது அவளிடம் நிஜமாகவே இருந்தது. "இருக்குதும்மா. காலைல இருட்டுல ஷிப்டுக்குப் போறப்ப முக்குல நாயெல்லாம் சேந்து தொரத்துது. அதுக்கு வாங்கினேன்." மிளகின் மூஞ்சிக்கு நேரே நீட்டி அழுத்தினாள். ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது. எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, மிளகு வாலை ஆட்டியது. "சரி, நாய்க் கதை முடிஞ்சுது" என்றார்கள் மங்கையர்க்கரசி அம்மா. "கோதண்டம், வேற என்ன கொறை? சொல்லுங்க, கேட்டுட்டுப் போறேன்." கோதண்டம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாராவது பேசுவார்கள் என்று சுற்றிப் பார்த்தார். மனசில் இருந்ததாகச் சொன்னாரே, அந்த எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தர் மோட்டார் சரியில்லை என்றார், இன்னொருத்தர் போன் வந்ததாக எழுந்து போனார். மனசில் வைத்துக்கொள்ளலாம், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாது போலிருக்கிறது. "அப்ப அவ இருந்துக்கட்டும்" என்று அந்தம்மா எழுந்தார்கள், தஞ்சாவூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். கோதண்டம் என்னைப் பார்க்காமலே நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார்.

மாடிப்படியில் அவள் முன்னால் போனாள், நானும் மிளகும் பின்னால். பிலோமினா பால் வாங்கக் கடைக்குப் போய்விட்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும், எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று ஒவ்வொரு படியாகத் தேடிக்கொண்டே ஏறினேன், எங்கள் வீட்டு வாசல் வந்துவிட்டது. அவள் அங்கே நின்று திரும்பினாள்.

"சார், அதுக்குக் காது கேக்கலைன்னு எனக்கு அப்பவே தெரியும், மாடிப்படியில கூப்பிட்டா திரும்பாது. பின்னால யாராவது வந்து தொட்டா திடுக்குனு கடிச்சிரும்னுதான் பிடிச்சுக்கச் சொன்னேன். உங்களுக்கும் தெரியும்னு நெனச்சேன்."

"தெரியலம்மா" என்றேன். "தெரியாமப் போச்சு. என்ன மன்னிச்சுரும்மா."

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நானும் ஒண்ணு சொல்லிரணும். உங்க பேர்ல நான்தான் கம்ப்ளைன்ட் பண்றதா இருந்தேன்."

"என் பேர்லயா? எதுக்கு?"

"தினம் அம்மா வெளிய போவாங்க. அப்புறம் உங்க கதவு சாத்தற சத்தம் கேக்கும். அப்புறம் அது அழும். ஆள் இல்லாத நேரமாப் பாத்து வாயில்லா ஜீவன நீங்க என்னமோ பண்றீங்கன்னு நெனச்சேன் சார். அடிக்கிற சத்தம் கேக்குதான்னு தரையில படுத்துக் காத வச்சுக் கேப்பேன்."

அவளைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "கேட்டுச்சா?"

"இல்ல சார்" என்றாள். "ஒண்ணுமே கேக்கல. அதான் ரொம்பச் சந்தேகமாப் போச்சு."